மலைச் சேதி நின்றது என்னால்

கள்ளக்குறிச்சியில் வெளிவந்துகொண்டிருந்த எங்கள் வாரப் பத்திரிகையைச் செல்போன் கொன்றுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொய். கொன்றவள் நான்!

பத்திரிகையை மட்டுமா? ஒரு மலைக்காரியின் பெயரையும் சேர்த்துத்தான். அவள் செய்யாத திருட்டை அவள் தலையில் ஏற்றி, பேருந்து நிலையமே கேட்கும்படி கூவினேன்.

இதோ, சொல்லிவிட்டேன். இந்த நாலு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் இருபத்தைந்து வருஷம் பத்திரிகைத் தமிழைக் காதால் கேட்டிருக்கிறேன். பேனாவைப் பிடித்தால் அந்தத் தமிழ்தான் வந்து உட்காருகிறது. அவசரப்படாமல் கேளுங்கள். நீங்கள் யாரோ, எந்த ஊரோ… முகம் தெரியாதவர் என்பதால்தான் சொல்ல முடிகிறது போலும்.

என் பெயர் தனக்கோடி. பிறந்தது எலவனாசூர்கோட்டையில், நஞ்சையும் புஞ்சையும் உள்ள குடும்பத்தில். கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டேன். எனக்கு முப்பத்திரண்டு வயதில் வீட்டுக்காரர் போய்விட்டார். கருமாதி முடிந்ததும் அண்ணன் வந்தார்.

"வூட்டுக்கு வந்துடு தனம். அண்ணிக்கு ஒத்தாசையா இருந்துக்கோ."

அண்ணியின் அடுப்படியில் ஒத்தாசையா? நானா!

"யாரு வூட்லயும் குந்திக்கினு நான் சோறு துன்ன மாட்டேண்ணா. நீ கெளம்பு."

அந்தத் திமிர்தான் என்னை வாழவைத்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். பேருந்து நிலையத்தில், வெள்ளிமலை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில், பத்திரிகைக் கடை போட்டேன். கடை என்றால் ஒரு மரப்பெட்டி, மேலே ஒரு பலகை, கயிற்றில் தொங்கும் புத்தகங்கள். அவ்வளவுதான். சென்னைப் பேப்பர் எல்லாம் விற்றேன். ஆனால் என் உயிர் எங்கள் ஊர்ப் பத்திரிகையின் மேல்தான் இருந்தது. நாலே பக்கம். வியாழக்கிழமை வரும். சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம். ஆசிரியர் ஒருவரே எழுதி, ஒருவரே பிழை பார்த்து, ஒருவரே சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்.

அதில் என்ன இருக்கும் என்கிறீர்களா? சென்னைப் பேப்பரில் இல்லாத எல்லாம் இருக்கும்! கோமுகி அணையில் என்றைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள், எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவதே இல்லை, மலைப்பாதையில் எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது… மூன்றாம் பக்கம் முழுக்க மலைச் சேதி. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதிகாரிகள் ஜீப் எடுத்துக்கொண்டு மலையேறியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அந்த மூன்றாம் பக்கம் என் வழியாகத்தான் வந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை… இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். பொய் சொல்ல இங்கே உட்காரவில்லையே!

மலைக்காரர்கள் பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். என் கடை நிழலில் குந்துவார்கள். பேச்சு வரும். பேச்சோடு சேதி வரும். நான் தலையில் வாங்கிக்கொண்டு போய் ஆசிரியரிடம் இறக்குவேன். வியாழன் காலை அவர் கட்டைப் பிரித்து, கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, தலைப்புகளை எனக்குப் படித்துக்காட்டுவார். ஒரு தரம் கேட்டால் போதும். அப்புறம் பத்திரிகையை விரித்துப் பிடித்து, படிப்பதுபோல் கூவுவேன். தனக்கோடி நன்றாகப் படித்தவள் என்றுதான் பஸ் நிலையம் நம்பியது. நானும் மறுத்ததில்லை.

ஒரு தரம் ஒருவன் வந்து, பக்கத்து வீட்டுக்காரன் செத்துப்போனதாகச் சேதி சொன்னான். போட்டுவிட்டோம். மறுவாரம் செத்தவன் என் கடைமுன் வந்து நின்றான்.

"யம்மா, எனக்குக் காரியம் பண்ண வந்துட்டாங்கம்மா மச்சானுங்க! இன்னா வேல பண்ணி வச்சிருக்க நீ?"

ஆசிரியர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்போதுதான் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சேதி சொல்கிறவர் தன்னிடம் உள்ள பொருள் ஒன்றை என்னிடம் வைத்துவிட்டுப் போகவேண்டும். இல்லாமல் ஒரு வாரம் கஷ்டப்படுகிற பொருளாக இருக்கவேண்டும். சேதி மெய் என்று தெரிந்து அச்சில் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பொய்க்காரன் எவன் வைப்பான்? பேர் கேட்கமாட்டேன். ஆசிரியருக்கும் பேர் தெரியக்கூடாது. வைத்தவரும் அதைப் பற்றி வெளியே வாய் திறக்கக்கூடாது. பொருளே சாட்சி. அதை மலைக்காரர்கள் 'அடமானம்' என்றார்கள்.

ஒரு ரொட்டி டின் நிறைய அடமானங்கள்! மூக்குக்கண்ணாடி, வெத்திலை இடிக்கும் உரல், குடையின் கைப்பிடி… ஒரு கிழவர் பல்செட்டைக் கழற்றிப் பலகைமேல் வைத்துவிட்டார்.

"ஐய, எடு பெரியவரே அத! நீ சொல்லவே வேணாம், நான் நம்பறேன்!"

"நீ நம்பினா போதுமா? சட்டம்னா சட்டம்தான் பேப்பர்காரம்மா" என்று பொக்கை வாயால் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அப்படி நம்பினார்கள் என்னை…

சின்னப்பொண்ணு என்று ஒருத்தி. மலைமேல் ஊர். அடிவாரத்தில், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியில் சமையலுக்கு ஒத்தாசை. அவள் மகளும் அதே விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும் அவளுக்கு. சிரித்தால் மேலுதட்டில் ஒரு மச்சம் விரியும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது.

ஒரு திங்கட்கிழமை வந்தாள். சுற்றிப் பார்த்தாள். குனிந்து என் காதருகே சொன்னாள்.

"யக்கா, பருப்பு மூட்டையெல்லாம் பின்வாசல் வழியா போவுதுக்கா. முட்டையும் போவுது. வார்டன் மச்சான் வண்டியில வந்து எடுத்துக்கினு போறான். புள்ளைங்க வெறுந்தண்ணி சாம்பார ஊத்திக்கினு துன்னுதுங்க. வயித்த புடிச்சிக்கினு படுத்துக்கிதுங்க ராத்திரியில."

"நெசமாவா?"

"என் புள்ள தட்டுல ஊத்தறதே நான்தான்க்கா."

அடமானம் கேட்டேன். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். வெத்திலை பாக்கை முந்தானையில் கொட்டிக்கொண்டு வெறும் பையைக் கொடுத்தாள். நீலக்கோடு போட்ட துணி. ஓரத்தில் சிவப்பு நூலால் நெருக்கமாகத் தையல்.

"நல்லா தச்சிருக்கியே."

"விடுதி பெட்சீட்டுக்கா. கிழிஞ்சி போயிட்டுது. கரித்துணிக்கு வச்சிக்கோன்னு வார்டனே தூக்கிப் போட்டாரு. அதுல தச்சேன்."

இந்தப் பேச்சை மறக்காதீர்கள். அந்தத் துணி அவளுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்!

வியாழன் சேதி வந்தது. 'மலைப் பிள்ளைகளின் பருப்பு எங்கே போகிறது?' தொண்டை கிழியக் கூவினேன். பத்து மணிக்குள் கட்டு தீர்ந்தது. மறுநாள் அதிகாரிகள் விடுதிக்குப் போனார்கள். சரக்கு அறையைத் திறந்து பார்த்தார்கள் என்று கேள்வி.

சனிக்கிழமை வார்டன் என் கடைக்கு வந்தார்.

வெள்ளைச் சட்டை. சந்தனப்பொட்டு. கத்தவில்லை. சிரித்தார். பஸ் புறப்பட அரைமணி இருந்தது. சுற்றிலும் நல்ல கூட்டம்.

"இன்னாம்மா, நீதான் எங்க விடுதிக்கு ஆடிட்டரா?"

"பேப்பர்ல வந்தத கூவனேன். அவ்ளோதான்."

"பேப்பர்ல யாரு எழுதறா? நீயும் அந்த ஆளும் குந்திக்கினு கத கட்றீங்க. மலையிலேர்ந்து எவன் எறங்கி வந்து உங்கிட்ட சொல்றான்?"

"சொல்றவங்க சொல்றாங்க."

"அட, பேப்பர தலகீழா குடுத்தாலும் உனக்குத் தெரியாதாமே! மொதல்ல இத படி பாப்போம்." பக்கத்திலிருந்த ஒரு பத்திரிகையை எடுத்து என் முகத்துக்கு நேரே விரித்தார்.

கண்டக்டர் சிரித்தான். பூக்காரி சிரித்தாள். தினமும் என் கையால் பேப்பர் வாங்குகிற மனிதர்கள் சிரித்தார்கள்…

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா இருந்திருக்க வேண்டும். "ஆமாய்யா, சரியா படிக்கத் தெரியாது" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பேன்? ஒரு சிரிப்பு. ஒரு நாள் பேச்சு. அதைத் தாங்க முடியவில்லையே எனக்கு! அண்ணன் வீட்டுச் சோற்றை வேண்டாம் என்றவளை ஒரு பஸ் நிலையம் பார்த்துச் சிரிப்பதா?

"ஆதாரம் இல்லாம இந்தத் தனக்கோடி வாயத் தொறக்கமாட்டா!" என்றேன். குனிந்து டின்னைத் திறந்தேன். முதலில் கைக்கு வந்தது அந்தச் சுருக்குப்பை. தூக்கிப் பிடித்தேன், சாமிக்குத் தீபாராதனை காட்டுவதுபோல். "இதோ பாரு! உங்க சரக்கு ரூமு லட்சணத்த பாத்தவங்க வச்ச அடமானம்! யாரு கத கட்றா?"

வார்டன் சிரிப்பை நிறுத்தினார்.

நீலக்கோட்டைப் பார்த்தார். சிவப்புத் தையலைப் பார்த்தார். மெதுவாகக் கையை நீட்டி என் விரல்களிலிருந்து பையை எடுத்தார். நான் விட்டுவிட்டேன். பிடுங்கவில்லை அவர், எடுத்தார். நான் விட்டேன்.

"இது எங்க விடுதி பெட்சீட்டு ஆச்சேம்மா" என்றார், நேற்றுத் தொலைந்த சாவி கிடைத்த மாதிரி. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு சென்னைப் பேப்பர் வாங்கினார். மிச்சச் சில்லறைக்கு நின்று, வாங்கிக்கொண்டு போனார்.

என் கை அப்போதும் மேலேயே நின்றது.

மறுநாள் ஞாயிறு. சின்னப்பொண்ணு ஊருக்குப் போக வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"யக்கா! சாம்பாரு கெட்டியா இருக்குதுக்கா ரெண்டு நாளா! முட்டை முழுசா குடுக்கறாங்க. எம் பொண்ணு சொல்லுது, 'யம்மா, கரண்டி நிக்குது பாரு சாம்பார்ல'ன்னு. உன் வாயிக்கு சக்கரதான் போடணும்!" கையை நீட்டினாள். "குடு, பைய."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். 'அடியே, தப்பு பண்ணிட்டேன், வார்டன் கையில மாட்டிக்கிச்சி, ஜாக்கிரதையா இரு' என்று. அவளுக்கு ஒரு நாள் இருந்தது! ஆசிரியரிடம் ஓடியிருக்கலாம். பெரிய அதிகாரி யாரிடமாவது முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம்…

"வூட்ல வச்சிட்டு வந்துட்டேன்டி. அடுத்த வாரம் வா."

"சரிக்கா. பாக்கு கட்ட எடமில்ல, அதான்." முந்தானை முடிச்சைக் காட்டிச் சிரித்தாள். மச்சம் விரிந்தது. பஸ் ஏறிப் போனாள்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் போனபோது, விடுதிச் சொத்தைத் திருடினாள் என்று சொல்லி வெளியே நிறுத்தினார்கள். போலீசுக்கும் எழுதிக் கொடுத்தார் வார்டன். சேதி சொன்னதற்காக அவளை நீக்கினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது பாருங்கள். திருட்டு! கையும் துணியுமாகச் சாட்சி! அந்தச் சாட்சியை எடுத்துக் கொடுத்தவள் நான்.

இதோடு முடிந்திருந்தால் வாய் தவறிவிட்டது என்றாவது மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். முடியவில்லை.

வியாழன் காலை ஆசிரியர் வந்தார். பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அன்றைக்குக் கட்டைப் பிரிக்கவில்லை; தனியாக ஒரு பிரதி கையில் வைத்திருந்தார். குரலில் சுரத்தே இல்லை. படித்தார். "விடுதியில் துணி திருட்டு. சமையல் உதவியாளர் வேலை நீக்கம்." கீழே சின்ன எழுத்தில் பேர், ஊர் எல்லாம் இருந்தது.

"அவங்க தரப்பையும் போடணும் தனக்கோடி. போன வாரம் அவங்கள எழுதினோம். இந்த வாரம் அவங்க குடுத்தத மறைச்சா அது பத்திரிக இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தயங்கினார். "ஒண்ணு கேக்கட்டா? இந்தப் பொம்பள… நமக்குச் சேதி சொன்னவளா இருக்குமோ? அப்படின்னா சொல்லிடு. கட்ட திருப்பி எடுத்துக்கினு போயிடறேன். இந்த வாரம் பத்திரிகையே வேணாம்."

கேட்டார்! தேடிவந்து கேட்டார் என்னை! கட்டு இன்னும் பிரிக்கவில்லை. கயிறு கட்டியபடி சைக்கிளில் இருந்தது.

ஆமாம் என்றால், அவளை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அடுத்துக் கேட்பார். டின்னைத் திறந்ததைச் சொல்லவேண்டும். பேர் வெளியே போகாது என்று நானே போட்ட சட்டத்தை, நாலு பேர் சிரித்ததற்காக நானே உடைத்ததைச் சொல்லவேண்டும். அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்…

என்ன சொன்னேன் தெரியுமா?

"பேரு கேக்கக்கூடாதுன்னு நமக்குள்ள பேச்சு இல்லியா?"

அந்த நல்ல மனுஷர் வெட்கப்பட்டுப்போனார். "ஆமா, ஆமா. தப்பு. கேட்டிருக்கக் கூடாது" என்று எழுந்து, கயிற்றை அறுத்துக் கட்டைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் நான் கூவினேன்.

தலைப்பில் பேர் இல்லை. நான்தான் சேர்த்தேன்! "விடுதித் துணி திருடிய சின்னப்பொண்ணு! வேலையிலிருந்து நீக்கம்!" என்று. மற்ற எல்லாச் சேதியையும்விட அதைத்தான் சத்தமாகக் கூவினேன். ஏன்? எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மலைக்காரர்கள் நினைக்கட்டும் என்றுதான். வேறு எதற்கு? காசுக்காக இல்லை. ஒரு பிரதி அதிகம் விற்கவேண்டும் என்றும் இல்லை. என் மேல் ஒரு துளி தெறிக்கக்கூடாது என்று அவளைச் சேற்றில் தள்ளினேன்.

பத்தரை மணிக்கு அவள் வந்தாள். கூடவே மகள். தகரப் பெட்டியும் சுருட்டிய பாயும் கையில் இருந்தன. பிள்ளையையும் விடுதியிலிருந்து அழைத்துக்கொண்டு போகிறாள் என்று பார்த்ததுமே புரிந்தது. பள்ளிச் சீருடையைக்கூட அந்தப் பெண் மாற்றியிருக்கவில்லை.

"பேப்பர் ஒண்ணு குடுக்கா."

கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். பலகைமேல் வைத்துவிட்டாள். மகளிடம் நீட்டினாள். "படி."

அந்தப் பெண் நின்றபடியே படித்தது. தங்குதடை இல்லாமல், அழகாகப் படித்தது. நான் பொறாமைப்படும்படி படித்தது! 'விடுதிக்குச் சொந்தமான படுக்கை விரிப்பை வெட்டிச் சுருக்குப்பை தைத்து' என்று வந்ததும் நிறுத்தியது. என்னைப் பார்த்தது. தாயைப் பார்த்தது.

"யம்மா, இது நம்ம பைதான? இந்த அக்காகிட்டதான அடமானம் வச்சேன்னு சொன்ன?"

பஸ் ஜன்னல்களில் முகங்கள். எல்லாம் மலை முகங்கள். எல்லாம் என் நிழலில் குந்தியவர்கள்.

சின்னப்பொண்ணு சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள். "பேசாம வா. பஸ்ஸ எடுத்துடுவான்" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. நான் காட்டிக்கொடுத்த பிறகும், அடமானம் வைத்தவள் அதைப் பற்றிப் பொது இடத்தில் பேசக்கூடாது என்ற சட்டத்தை அவள் காப்பாற்றினாள். நான் போட்ட சட்டத்தை!

ஒருவேளை அவள் என்னை நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால், இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ…

அடுத்த வாரம் மலையிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. டின்னில் இருந்த அடமானங்களை ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். கிழவரும் வந்தார். பல்லை மாட்டிக்கொண்டார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எதிர்ப்பக்கம் வெயிலில் போய் நிற்க ஆரம்பித்தார்கள். வெயிலில்! என் நிழல் காலியாகக் கிடக்க!

மூன்றாம் பக்கத்தை நிரப்ப ஆசிரியர் என்னென்னவோ செய்தார். கண்ணீர் அஞ்சலி போட்டார், காதுகுத்து வாழ்த்து போட்டார், சினிமாப் படம் போட்டார். ஒரு நாள் கேட்டார்.

"மலச்சேதி ஏன் தனக்கோடி வர்றதே இல்ல?"

"எல்லாரும் செல்போன் வாங்கிட்டாங்கய்யா. யாரு வந்து எங்கிட்ட சொல்லப்போறா?"

அப்போது மலையில் பாதி ஊர்களில் செல்போனே இல்லை. இருந்தவர்களுக்கும் சிக்னல் இல்லை. அவர் நம்பினார். நாலு பக்கம் இரண்டு பக்கமாயிற்று. வாரம் ஒன்று மாதம் ஒன்றாயிற்று. பிறகு அச்சகத்தின் கதவைச் சாத்தினார். கேட்டவர்களிடம் எல்லாம், "காலம் மாறிப்போச்சுங்க, செல்போன்" என்றார். என் பொய்யைச் சொல்லிச் சொல்லியே செத்தும் போனார். சாவு வீட்டுக்குப் போனேன். மாலை போட்டேன். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

செல்போனும் பிறகு வந்தது, உண்மைதான். அது என்ன கொண்டுவந்தது? ஒரு மழைக்காலத்தில் பாதை அடைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். அடைத்தது கீழே யாருக்கும் தெரியாது. மலையில் ஓர் ஊரில் காய்ச்சல் பரவி இரண்டு வாரம் கழித்துத்தான் கள்ளக்குறிச்சிக்குத் தெரிந்தது. ஆனால் பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்ற வதந்தி மட்டும் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போனது. போர்வை விற்க வந்த ஒரு வடநாட்டு ஆளைக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். விசாரித்துச் சொல்ல ஒருவரும் இல்லாத ஊர் எப்படி ஆகும் என்று பார்த்தேன்.

அப்போதெல்லாம் என்ன நினைப்பேன் தெரியுமா? 'இதற்கெல்லாம் நீ ஒருத்தியா காரணம்? கிழவிக்குத் தன் பாவத்திலும் பெருமை!' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் படிப்பு நின்றதற்கு நான்தானே காரணம்? அதை யார் தலையில் கட்டுவேன்?

போன வருஷம் ஏழுமலை என்று ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். மலைக்காரன். கச்சிராயபாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை. கூட அவன் பெண்டாட்டி செல்வி. இரண்டு பேரும் சேர்ந்து மலைச் சேதியை மறுபடி ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னார்கள். அச்சில் இல்லை, குரலில்! தினம் சாயங்காலம் ஐந்து நிமிஷம் பேசிப் பதிவுபண்ணி எல்லோருக்கும் அனுப்புவது. சிக்னல் இல்லாத ஊர்களுக்குக் கடைசி பஸ்ஸில் போகிறவர்கள் செல்லில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே போட்டுக் காட்டுவது. விசாரிக்காமல் ஒரு சேதியும் போடுவதில்லை என்று தீர்மானம்.

"ஆனா எங்காளுங்க வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க ஆயா" என்றான் ஏழுமலை. "பேர் வெளிய வந்துடும்னு பயம். நீங்கதான் அந்தக் காலத்துல பேரே கேக்காம சேதி வாங்குவீங்களாமே. பெருசுங்க சொல்லிச்சு. அத உங்க வாயால ரெண்டு வார்த்த சொல்லுங்க. மொத நாளு உங்க குரல்தான்."

பெரியவர்கள் பாதியைத்தான் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

மறுத்திருக்கலாம் அல்லவா? மறுக்கவில்லை! எத்தனை வருஷம் கழித்து ஒருவன் என் வாசலில் வந்து என் பெருமையைச் சொல்கிறான்! செல்வி செல்லை என் வாயருகே பிடித்தாள். பல்செட் கிழவரைச் சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில், "உயிரே போனாலும் சொன்னவங்க பேர இந்தத் தனக்கோடி விட்டதில்ல" என்றேன். குரல் கணீரென்று வந்தது. பழைய கூவல் குரல்.

அது மலை முழுக்கப் போயிற்று. மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளாவுக்குப் போன நம் ஆட்களுக்கும் போயிற்றாம். சின்னப்பொண்ணு குடும்பமும் அந்தப் பக்கம்தான் போயிற்று என்று கேள்வி. அவளும் கேட்டிருப்பாளோ?

மலைக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டி மோட்டார் சேதி. நாலாம் நாள் சரிசெய்தார்கள். பிறகு பள்ளிக்கூடம், ரேஷன், பாதை… சாயங்காலம் டீக்கடையில் மலைச் சேதி ஓடினால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் கேட்டேன். சந்தோஷப்பட்டேன். அன்றிரவு படுத்தால், அந்தப் பெண் அழகாகப் படித்த குரல் காதில் கேட்டது.

ஒரு மாதம் தாங்கினேன். அப்புறம் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் போனேன். கடையில் ஏழுமலையும் செல்வியும் மட்டும் இருந்தார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் சொன்னதுபோல், ஒன்றும் விடாமல். "இதையும் உன் செல்லுல போடு. அவ திருடி இல்லன்னு நான் கூவணும்" என்றேன்.

ஏழுமலை கையிலிருந்த திருப்புளியை வைக்கவே இல்லை. செல்விதான் முதலில் பேசினாள்.

"அவங்க எங்க பக்கத்து ஊரு. துணித் திருடின்னாதான் எங்களுக்கு அவங்களத் தெரியும். கல்யாண வூட்ல போர்வ காணலன்னாகூட அவங்க பேர சொல்லி சிரிப்பாங்க, இன்னி வரிக்கும்." என்னை நேராகப் பார்த்தாள். "நானும் சிரிச்சிருக்கேன்."

"இப்ப இத போட்டா நாளையிலேர்ந்து ஒருத்தனும் சேதி சொல்லமாட்டான்" என்றான் ஏழுமலை. "இப்பதான் நம்பி வர்றாங்க. உங்க பேச்ச கேட்டுத்தான் வர்றாங்க. கொஞ்ச நாள் போவட்டும் ஆயா."

"அப்ப அவங்க?" என்றாள் செல்வி.

"கொஞ்ச நாளுன்னுதான சொல்றேன்."

"எத்தினி நாளு?"

அவன் குனிந்து ஒரு செல்லின் மூடியைக் கழற்றினான். அவன் சொல்வதும் நியாயம்தானே? என் உண்மை வெளியே வந்தால் மறுபடி மலை வாய் மூடிக்கொள்ளும். வராவிட்டால் அவள் திருடியாகவே இருப்பாள். இரண்டில் எது நடந்தாலும் செய்தவள் நான்தான்…

ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்தது அதுகூட இல்லை. 'கொஞ்ச நாள் போகட்டும்' என்று அவன் சொன்னானே, அந்த நொடியில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி! பெரிய பாரம் இறங்கியதுபோல் ஒரு நிம்மதி. "நீ சொல்றதும் சரிதாம்பா" என்றேன். பஸ் நிறுத்தத்தில் சூடாக இரண்டு வடை வாங்கித் தின்றேன். ருசியாக இருந்தது. ருசியாக இருந்தது என்பதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது.

ஆறு மாதம் ஆயிற்று. ஏழுமலை கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. செல்வி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். மலையில் யாரும் படிக்காத இடத்தில் இதை வைக்கிறேன். அதிலும் ஒரு சாமர்த்தியம் செய்திருக்கிறேன், பாருங்கள். சின்னப்பொண்ணு என்பது அவள் பெயர் இல்லை. மாற்றி எழுதியிருக்கிறேன். ஊரையும் சொல்லவில்லை. மலைச் சேதி நிற்கக்கூடாது என்பதற்காக என்று சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா?

திருடி என்று கூவியபோது அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூவினேன். திருடி இல்லை என்று எழுதும்போது அந்தப் பெயர் எழுத வரவில்லை.